சும்மா இருப்பவர்களுக்குச் சம்பளமா?

உலகத்திலே சில உத்தியோகங்கள் இருக்கின்றன. அவற்றில் அமர்ந்திருப்பவர்களுக்கு வேலை இல்லாதிருப்பதே ஊருக்கு க்ஷேமம். தீயணைக்கும் படையினரின் உத்தியோகம் அத்தகையது. சென்ற வருஷம் என் வகுப்பிலே ஒரு பையன் எழுந்து நின்று, "நெருப்பே பிடிக்காத நாளில் அவர்களுக்கு எதற்கு ஸார் சம்பளம்?" என்று கேட்டான். வகுப்பு முழுதும் சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஏனெனில், உலகத்தின் மகா பட்டணங்களில் ஒன்றாகிய நியூயார்க் 1975-ம் வருஷத்தில் ஏறக்குறைய இதே கேள்வியைத்தான் கேட்டது.

அந்த வருஷம் நியூயார்க் நகரசபைக்குத் தாங்க முடியாத பணமுடை. பல காலமாகக் கடன் வாங்கியே வரவு செலவைச் சரிக்கட்டி வந்த நகரத்தைப் பார்த்துப் பாங்கிகள் கையை விரித்து விட்டன. அப்போது மேயராக இருந்தவர் ஆபிரகாம் பீம். அவரும் ஒரு காலத்தில் என்னைப் போல் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர்தான். கணக்கு எழுதும் வித்தையைக் கற்பித்தவர். கணக்கறிந்த அந்த மனிதர் கடைசியில் ஆட்களின் மீது கத்தரிக்கோலை வைத்தார். ஜூலை முதல் தேதி சுமார் 5,000 போலீஸ்காரர்களும், சுமார் 1,600 தீயணைப்பாளர்களும் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போகவேண்டும் என்பது விதி. ஆகையால் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். சில தினங்களுக்குள் ஒரு பகுதியினர் திரும்ப அழைக்கப்பட்டனர். ஆயினும் மிஞ்சியவர்களுக்குச் சம்பள உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது.

"நகரமே முழுகும்போது உங்கள் பங்குக்கு நீங்களும் விட்டுக்கொடுக்க வேண்டாமா?" என்றது நகரசபை. "கடன் வாங்கியவர்கள் நாங்களா? நெருப்பில் குதிக்கிறவன் வயிற்றில்தானா கை வைக்கவேண்டும்?" என்றனர் படையினர். இரண்டும் நியாயமாகவே தோன்றுகின்றன அல்லவா? உலகத்தில் தீராத வழக்குகள் எல்லாம் இப்படிப்பட்டவைதாம்.

ஆனால் படையினரின் சங்கங்கள் தங்கள் நியாயத்தைத் தாங்களே கெடுத்துக்கொண்டன என்றும் சொல்லத்தான் வேண்டும். 1973 நவம்பர் 6-ந் தேதி அவர்கள் ஐந்தரை மணி நேரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அங்கத்தினர்களின் வோட்டு உண்மையில் வேலைநிறுத்தத்துக்கு விரோதமாகவே விழுந்திருந்தது. தலைவர்கள் அதை மறைத்துவிட்டார்கள் என்பது பின்னால் வெளியாயிற்று. 1975 ஜூனிலோ, போலீஸ் சங்கங்களும் தீயணைப்புச் சங்கங்களும் சேர்ந்து, அட்டையிலே மண்டையோட்டுப் படம் போட்டு, "இது பயங்கர நகரம், மாலை ஆறு மணிக்கு மேல் தெருவில் நடமாடாதீர்கள்" என்று வெளியூர்ப் பிரயாணிகளுக்குத் துண்டுப் புத்தகம் அச்சிட்டன. காப்பாற்ற வேண்டியவனே பயமுறுத்தத் தொடங்கினால், ஜனங்கள் யாரை நம்புவது?

நகரசபையின் கணக்கிலும் ஓர் ஓட்டை இருந்தது. 1972 முதலே, ராண்ட் என்னும் ஆராய்ச்சி ஸ்தாபனத்தாரின் கணித முறைகளைக்கொண்டு, எந்த நிலையத்தை மூடினால் வண்டி வந்து சேர எத்தனை நிமிஷம் கூடும் என்று கணித்து நிலையங்களை மூடி வந்தார்கள். அருகருகே நிலையங்கள் நெருங்கியிருந்த ஏழைப் பேட்டைகளில் பல, 'உபரி' என்று தீர்மானமாயின. தென் பிராங்க்ஸ் பகுதியில் அந்தப் பத்தாண்டுகளில் வீதி வீதியாக வீடுகள் எரிந்து பாழாயின. நிலையங்களை மூடியது ஒன்றே அதற்குக் காரணம் என்று சொல்வது அநியாயம். கைவிட்டுப் போன வீட்டுச் சொந்தக்காரர்களும், இன்ஷூரன்ஸ் பணத்துக்காகத் தாங்களே கொளுத்திய மகானுபாவர்களும் உண்டு. ஆனாலும், எரிகிற ஊரிலே தண்ணீர்க் குடத்தைக் குறைத்தவன் கை கழுவிக்கொள்ள முடியுமா?

சராசரி என்பதை வாத்தியார்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. என் வகுப்பில் சராசரி ஐம்பத்தைந்து மார்க்கு என்றால் தலைமையாசிரியருக்குத் திருப்தி. ஆனால் கடைசிப் பெஞ்சில் இருபது மார்க்கு வாங்கிய பையன் அந்த ஐம்பத்தைந்தைக்கொண்டு என்ன செய்வான்? நகரம் முழுவதற்கும் அரை நிமிஷந்தான் தாமதம் என்று காகிதம் சொல்லலாம். மூன்றாவது மாடியிலே குழந்தையுடன் நிற்கும் தாய்க்கு அவள் வீட்டு நிமிஷந்தான் நிமிஷம்.

இதை நன்கு உணர்ந்தவர்கள் புரூக்ளின் பகுதியில் நார்த்ஸைடு என்னும் பேட்டையில் வாழ்ந்த எளிய ஜனங்கள். பெரும்பாலும் போலந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் குடியேறிய தொழிலாளர் குடும்பங்கள், மர வீடுகள். 1975 நவம்பரில் அங்கிருந்த 212-ம் எண் நிலையத்தை மூட உத்தரவு வந்தது. ஜனங்கள் திரண்டு வந்து, வண்டியை வெளியே கொண்டுபோக விடாமல் நிலையத்துக்குள்ளேயே குடியேறி விட்டார்கள். 'மக்கள் தீயணைப்பு நிலையம்' என்று அதற்குப் பெயரும் சூட்டினார்கள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல; சுமார் 16 மாதங்கள்! கடைசியில், 1977-ல், நகரசபை இணங்கி நிலையத்தைத் திறந்தது. சத்தியாக்கிரகம் என்ற சொல்லை அவர்கள் அறிந்திருந்தார்களோ என்னவோ, அதன் சாரத்தை அறிந்திருந்தார்கள்.

என் இனத்தாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதே 1975-ல் நியூயார்க்கில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்களும் வேலை இழந்தனர். அக்டோபர் 17-ந் தேதி நகரம் திவாலாகும் தறுவாயில் இருந்தபோது, ஆசிரியர்களின் பென்ஷன் நிதியிலிருந்துதான் 15 கோடி டாலர் கொடுத்துக் கடன் பத்திரங்கள் வாங்கப்பட்டன. முதுமைக்கென்று சேர்த்த பணத்தை, தங்களை நீக்கிய நகரத்துக்கே கடனாகக் கொடுத்தார்கள்! விட்டுக்கொடுப்பது ஒரு தரப்பாருக்கு மட்டும் தெரிந்த வித்தை என்று இனி யாரும் சொல்லவேண்டாம்.

212-ம் நிலையத்தின் கதை அத்துடன் முடியவில்லை. 2001 செப்டம்பர் 11-ந் தேதி நியூயார்க் தீயணைப்புப் படையில் 343 பேர் உயிர் நீத்தார்கள். நகரமே அவர்களைத் தெய்வமாகக் கொண்டாடியது. இரண்டு வருஷம் நிறைவதற்குள், 2003 மே மாதம், மறுபடியும் பணமுடை. ஆறு நிலையங்கள் மூடப்பட்டன. அவற்றில் 212-ம் ஒன்று. மாலை சூட்டுவதற்குச் செலவு குறைவு. மாதச் சம்பளத்துக்குத்தான் செலவு அதிகம்.

எரிந்த வீட்டைக் கணக்குப் புத்தகத்தில் எழுதிவிடலாம். எரியாமல் தப்பிய வீட்டை எந்தப் பத்தியில் எழுதுவது? இதற்கு விடை தெரியாத நகரசபை, சும்மா இருக்கிறான் என்று ஒருவனை வீட்டுக்கு அனுப்புமுன், அவன் சும்மா இருந்த ஒவ்வோர் இரவும் நாம் நிம்மதியாகத் தூங்கினோம் என்பதை ஒரு கணம் நினைத்துப் பார்க்கட்டும்.