திரை இல்லாத வண்டி

போன மாதம் ஸான் பிரான்ஸிஸ்கோவில் பெண் வீட்டுக்குப் போயிருந்தேன். டிரைவரே இல்லாமல் ஓடும் மோட்டாரில் என்னை ஏற்றிவிட்டாள். பயம் இரண்டே தெருவில் போய்விட்டது. வேடிக்கை பார்க்கிறவர்கள்தான் போகவில்லை! சிக்னலில் நின்றால் முதலில் காலி ஸீட்டைப் பார்ப்பார்கள். அடுத்தபடி பட்டுப்புடவையும் நானும்.

நான் வந்த போயிங் 787 விமானத்தில் ஜன்னலுக்கு மூடி கிடையாது. பொத்தானை அழுத்தினால், கண்ணாடிக்குள் இருக்கும் கூழ் போன்ற வஸ்துவில் மின்சாரம் பாய்ந்து, மெல்ல மெல்ல நீலமாக இருண்டுவிடும். அந்த நினைப்பில் இங்கும் கை பொத்தானைத் தேடிற்று. இல்லை.

"இதில்தான் அம்மா அந்தக் கண்ணாடி வேண்டும். வெளியே பார்த்து ஓட்ட டிரைவரா இருக்கிறான்?" என்றாள் பெண்.

எனக்குச் சுருக்கென்றது. கார்க் கண்ணாடியில் கறுப்புக் காகிதம் ஒட்டக் கூடாதென்று 2012-ல் நம் சுப்ரீம் கோர்ட் சொன்னது எதற்காக? உள்ளே நடக்கும் அக்கிரமம் வெளியே தெரியட்டும் என்றுதானே? இவளோ இராத்திரி தனியாக வருகிறவள்!

"2024-ல் இதே ஊரில் இப்படி ஒரு வண்டியை ஆண்கள் மறித்துக்கொண்டு, உள்ளே தனியாக இருந்த பெண்ணிடம் போன் நம்பர் கேட்டார்கள். வண்டி அப்படியே நின்றுவிட்டது. கண்ணாடி இருண்டிருந்தால் அவள் இருப்பதே தெரிந்திருக்காதே!"

எனக்குப் பதில் ஓடவில்லை. "பொத்தான் உன் கையில் இருந்தால் சரி. விமானத்தில் சிப்பந்திகளே எல்லா ஜன்னலையும் இருட்டாக்கிவிட்டார்களேடி!" என்றேன்.

அடுத்த சிக்னலில் ஒரு பையன் எட்டிப் பார்த்தான். முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். பெண்ணுக்குச் சிரிப்புத் தாளவில்லை.