கறையா, காயமா?

கார் இல்லாதவன் கார் பெயிண்ட் பத்திப் பதிவு போடறானேன்னு சிரிக்காதீங்க. என் பேர்ல இருக்கற ஒரே வாகனம் ஒரு சைக்கிள்தான். ஆனா வேதியியல் படிக்கிற பையன்னு தெரிஞ்சா போதும், வெள்ளிக் கொலுசு கறுத்ததுலேர்ந்து பாத்ரூம் டைல்ஸ் மஞ்சளானது வரைக்கும் நம்மகிட்டதான் வரும். இந்தத் தடவை வந்தது சித்தப்பாவோட கார்.

மேட்டர் இதுதான். சித்தப்பா வீடு திருச்சி பொன்மலையில. பத்து வருஷமா ஒரு மெரூன் கலர் கார் வச்சிருக்கார். வீட்டுல நிறுத்த இடம் இல்லாததால வண்டிக்கு வாசம் தெருவுல, தூங்குமூஞ்சி மரத்தடியில. தங்கச்சிக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும், வண்டியை வித்துடலாம்னு முடிவு பண்ணினார். பார்க்க வந்த புரோக்கர் பானெட்டைத் தடவிப் பாத்துட்டு, "முழுசா பெயிண்ட் அடிக்கணும் சார், முப்பதாயிரம் குறைச்சுக்குங்க"ன்னுட்டார். அது தங்கச்சியோட ஹாஸ்டல் ஃபீஸ். "டேய், நீதான் கெமிஸ்ட்ரி படிக்கிறியே, ஏதாவது பண்ண முடியுமா பாரு"ன்னு எனக்கு போன் வந்தது.

கறையை எடுக்கறதுக்கு முன்னாடி, எதுமேல கறை இருக்குன்னு தெரியணும். இப்போ வர்ற கார்கள்ல நாம தொடறது கலரை இல்லை. இரும்புத் தகட்டு மேல துருப்பிடிக்காம இருக்க ஒரு பிரைமர், அதுக்கு மேல இன்னொரு பிரைமர், அப்புறம்தான் கலர். கலருக்கு மேல நிறமே இல்லாத ஒரு படலம் இருக்கு, கிளியர் கோட். பளபளப்பு முழுக்க இதோடதுதான். வெயில்லேர்ந்து கலரைக் காப்பாத்தறதும் இதுதான். இதோட கனம் சாதாரணமா 35-லேர்ந்து 50 மைக்ரான். நம்ம தலைமுடியே 70 மைக்ரான் சுமார் இருக்கும். அதாவது முடியை விட மெல்லிசான ஒரு தோல் மேல நின்னுதான் நாம எல்லாரும் தேய்க்கறோம்!

அதனால முதல் கேள்வி, இது மேல ஒட்டியிருக்கற கறையா, இல்லை படலத்துக்குள்ள விழுந்த காயமா? கண்டுபிடிக்க செலவில்லாத வழி ஒண்ணு இருக்கு. வண்டியை நல்லாக் கழுவிட்டு, ஈரம் இருக்கும்போதே கையில மெல்லிசான பிளாஸ்டிக் பையை மாட்டிக்கிட்டு லேசா தடவிப் பாருங்க. வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பெல்லாம் தெரியும். மேடா இருந்தா ஒட்டினது, எடுத்துடலாம். கண்ணுக்கு மட்டும் தெரிஞ்சு கைக்கு வழவழன்னு இருந்தாலோ, பள்ளமா இருந்தாலோ அது காயம்.

சித்தப்பா கார்ல எல்லா வகையும் இருந்தது. ஒவ்வொண்ணா சொல்றேன்.

முதல்ல மரம். தூங்குமூஞ்சி மரத்தடியில பிசுபிசுன்னு சொட்டறதை எல்லாரும் மரத்துப் பால்னு நினைச்சுக்கறோம். பெரும்பாலும் அது மரத்துல சாறு குடிக்கிற பூச்சிகள் வெளியே விடற திரவம். அதுல சர்க்கரை இருக்கறதால தூசி ஒட்டும், கறுப்பாப் பூஞ்சையும் பிடிக்கும். சர்க்கரைன்னா மருந்து என்ன? தண்ணிதான். வெதுவெதுப்பான தண்ணியில நனைச்ச துணியைப் பத்து நிமிஷம் போர்த்தி வச்சோம். கூரை மேல இருந்த கறுப்புல முக்காவாசி தேய்க்காமலே போயிடுச்சு. நிஜமான மரப் பிசின்லயும் தண்ணியில கரையற வகை உண்டு, கரையாத வகையும் உண்டு. கரையாததுக்கு ஆல்கஹாலைப் பஞ்சுல தொட்டு ஒத்தி எடுக்கணும்.

அடுத்தது வட்ட வட்டமா வெள்ளைப் புள்ளிகள். இது போர்வெல் தண்ணி பண்ற வேலை. ஞாயித்துக்கிழமை பக்கெட் தண்ணியில கழுவிட்டு வெயில்ல காய விட்டா, தண்ணி போயிடும், சுண்ணாம்பு தங்கிடும். வாட்டர் ஹீட்டர்ல படியற அதே சமாச்சாரம்தான். வினிகர்ல பாதிக்குப் பாதி தண்ணி கலந்து, நிழல்ல, சூடு இல்லாத தகட்டு மேல ரெண்டு நிமிஷம் வச்சுட்டு நல்லாக் கழுவணும். அமிலம்ங்கறதால காய விடக்கூடாது.

மூணாவது தார். கதவோட கீழ்ப்பக்கம், சக்கரத்துக்குப் பக்கத்துல மிளகு மிளகா இருக்கும். தார் எண்ணெய்க் குடும்பம், அதனால தண்ணிக்கு மசியாது, எண்ணெய்க்குத்தான் இளகும். புதுசா ஒட்டினதுக்குத் தேங்காய் எண்ணெயை ஊற வச்சாலே போதும். பழசுக்கு மண்ணெண்ணெய் வேணும். துணியில தொட்டு ஒத்தி எடுத்து, உடனே ஷாம்பு போட்டுக் கழுவணும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். ஆவி சட்டுனு தீப்பிடிக்கும்.

நாலாவதை யாரும் கவனிக்கலை, பிளாஸ்டிக் பை வச்சுத் தடவினப்பதான் தெரிஞ்சது. பக்கத்துலயே தண்டவாளம், ரயில்வே பணிமனை. சக்கரமும் பிரேக்கும் உரசிப் பறக்கற இரும்புத் துகள் பெயிண்ட்ல குத்தி உக்காந்து, அங்கேயே துருப்பிடிக்கும். இதுக்குன்னு விக்கிற திரவத்தை அடிச்சா இரும்போட சேர்ந்து ஊதாவா மாறி, கார் அழுத மாதிரி வழியும். அழுகின முட்டை நாத்தம் வேற! முடியைச் சுருட்டறதுக்கு பியூட்டி பார்லர்ல போடற மருந்துலயும் இதே தயோகிளைகோலேட் உப்புதான். மிச்சம் இருந்த துகளை கிளே பார்னு சொல்ற களிமண் கட்டியால, சோப்புத் தண்ணி விட்டு விட்டு உருவி எடுத்தோம்.

கடைசியா வில்லன், காக்கா. பறவை எச்சத்துல வெள்ளையா இருக்கறது யூரிக் அமிலம். அது தவிர செரிமான நொதிகளும் இருக்கு. பெயிண்ட் சோதனைக் கூடங்கள்ல எச்சத்துக்குப் பதிலா பான்கிரியாட்டின்னு ஒரு நொதிக் கலவையைத்தான் தடவிப் பாப்பாங்க. மதிய வெயில்ல படலம் சூடாகி இளகும், ராத்திரி சுருங்கும்போது காஞ்ச எச்சத்தோட வடிவத்தை அச்சு எடுத்துக்கும்னும் ஒரு விளக்கம் உண்டு. எப்படியா இருந்தாலும் எச்சத்தை எடுத்த பிறகும் தடம் நிக்கும். அது கறை இல்லை, காயம்.

பானெட்ல அப்படி மூணு தடம் இருந்தது. தெருவே ஆலோசனை சொல்லிச்சு. பற்பசை போடு, பாத்திரம் தேய்க்கிற நாரை வச்சுத் தேய்னு. பற்பசைல இருக்கறதும் தேய்ப்புத் தூள்தான். பல்லுக்குன்னு அளவு பாத்துச் செஞ்சது, கிளியர் கோட்டுக்கு இல்லை. கடையில விக்கிற ரப்பிங் காம்பவுண்டும் காயத்தை மூடறதில்லை. சுத்தி இருக்கற படலத்தைச் சீவி, பள்ளத்தோட மட்டத்துக்குக் கொண்டு வருது, அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் சில மைக்ரான் போகும். போனது திரும்ப வராது. மெல்லிசான இடத்துல சீக்கிரமே கலர் வெளுக்க ஆரம்பிக்கும்.

தெரிஞ்ச பட்டறைக்காரர் ஒருத்தர், "மெஷின் போட்டு, மேல ஒரு பாலிஷ் விட்டுடறேன். ரெண்டு வாரத்துக்குத் தடமே தெரியாது, அதுக்குள்ள வித்துடுங்க"ன்னார். முப்பதாயிரம் ரூபா விஷயம், எனக்கே கொஞ்சம் ஆசை தட்டிச்சு. சித்தப்பா யோசிச்சுட்டு, "வாங்கறவன் மூணாவது வாரமும் ஓட்டணும்லடா"ன்னார். மெல்லிய பாலிஷைக் கையாலயே ஒரு தடவை போட்டோம். தடம் மங்கிச்சு, முழுசாப் போகலை. அதோட நிறுத்திட்டோம்.

ரெண்டு ஞாயித்துக்கிழமை வேலை. அடுத்து வந்தவர் ஒரு டுடோரியல் வாத்தியார். சித்தப்பாவே பானெட்டைக் காட்டி, "இந்த மூணும் காக்கா போட்டது, போகாது சார்"னு சொன்னார். வாத்தியார் அஞ்சாயிரம் குறைச்சுக் கேட்டார், பேசி நாலாயிரத்துல முடிஞ்சது. ஹாஸ்டல் ஃபீஸ் கட்டியாச்சு.

உங்க வீட்டு வண்டிக்கும் வரிசை இதுதான். முதல்ல தண்ணி, அப்புறம் ஷாம்பு, அப்புறம் கறையோட குணத்துக்கு ஏத்த எண்ணெயோ ஆல்கஹாலோ வினிகரோ, அதுக்கப்புறம் களிமண். காம்பவுண்ட் எல்லாத்துக்கும் கடைசி. எதையும் முதல்ல கண்ணுல படாத ஒரு மூலையில போட்டுப் பாத்துக்குங்க. துணியில கார் கலர் ஒட்டிச்சுன்னா உங்க வண்டிக்கு கிளியர் கோட் இல்லை, இல்லைன்னா ஏற்கெனவே போயிடுச்சுன்னு அர்த்தம். உடனே நிறுத்திடுங்க.

காக்காகிட்ட போய்ப் பேச முடியாது. டிக்கியில ஒரு பாட்டில் தண்ணியும் பழைய பனியன் துணியும் வச்சுக்குங்க. எச்சத்தைப் பார்த்ததும் துணியை நனைச்சு மேல போட்டு, அஞ்சு நிமிஷம் கழிச்சுத் தேய்க்காம அப்படியே தூக்கி எடுத்துடுங்க. சாயங்காலம் பாத்துக்கலாம்னு விட்டா அதுக்குள்ள மதிய வெயில் வந்துடும்.