அக்கா மகள்

2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல விடிவதற்கு முந்தைய பஸ்ஸைப் பிடித்துச் சித்தி சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் போனாள். நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொண்டு, பிற்பகல் பஸ்ஸில் திரும்பி வந்தாள். அன்று மாலை ஆறு மணிக்குத் தமிழகம் முழுவதும் 144 தடையுத்தரவு வந்தது. பஸ்கள் நின்றன. இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் 21 நாள் ஊரடங்கை அறிவித்தார். சித்தி அடுத்து டயாலிசிஸுக்குப் போக வேண்டிய நாள் வெள்ளிக்கிழமை. போன் செய்தேன். “ஆஸ்பத்திரிக்குப் போறவங்களுக்கு ஒரு பஸ்ஸாவது விடாமலா இருப்பாங்க?” என்றாள்.

விடவில்லை.

சித்தி என் அம்மாவின் தங்கை. குழந்தை இல்லை என்று சொல்லி அவள் கணவர் வேறு கல்யாணம் செய்துகொண்டார். எனக்கு ஒன்பது வயதில் அம்மா இறந்தபோது, பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு துணிப்பையோடு வந்தவள், என்னையும் தம்பியையும் வளர்க்க எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். எங்கள் ஊர் தறி ஊர். விசைத்தறிக்குத் தார் சுற்றிக் கொடுத்துச் சம்பாதித்தாள். எனக்குக் கல்யாணமாகி, தம்பி பெங்களூருக்கு வேலைக்குப் போய், அப்பாவும் காலமான பிறகு, ஒற்றை அறை வீடு ஒன்றில் தனியாக வாடகைக்கு இருந்தாள். என் புகுந்த வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி.

2018இல் அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. பல வருடச் சர்க்கரை நோய். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்தால் நல்லது என்றார் மருத்துவர். இரண்டு முறைதான் எங்களால் முடிந்தது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் போகிற நாளெல்லாம் கூலி போய்விடும். மறுநாளும் உடம்பு அடித்துப் போட்டதுபோல் கிடக்கும்.

அந்த இரண்டு வருடமும் அவள் தனியாகத்தான் போய்வந்தாள். சின்ன டிபன் பாக்ஸில் இரண்டு இட்லி, ஃபைல், ஒரு துண்டு. கண்டக்டர்களுக்கு அவளைத் தெரியும். வரும்போது தலை சுற்றும் என்பதால் முன்பக்க இருக்கையில் உட்காரவைப்பார்கள். நான் மாதம் ஒருமுறை கூடப் போனால் அதிகம். சித்தியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அவளைப் பார்த்துக்கொண்டது அந்த பஸ். டிக்கெட்டுக்குக் கொஞ்சம் காசும் ஏறி உட்காரத் தெம்பும் இருந்தவரை, அவள் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பஸ் நின்ற அன்றுதான் அவள் இன்னொருவர் கையை எதிர்பார்க்கிற நோயாளி ஆனாள்.

அந்த வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் தவறியது. சனிக்கிழமை இரவு அவளால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் தலையணையைச் சாய்த்து விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். கால் வீங்கி, கொலுசு இருந்த இடம் பள்ளமாகத் தெரிந்தது. சிறுநீர் பிரியாத உடம்பில் குடிக்கும் தண்ணீரெல்லாம் தங்கும்; நுரையீரல்வரை வரும். பொட்டாசியம் கூடினால் இதயம் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவர் அலைந்து ஒரு வாடகைக் கார் பிடித்தார்.

திருநெல்வேலிக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர். நான் பிறந்ததிலிருந்து அது எங்கள் மாவட்டத் தலைநகர். 2019 நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டமானது. சங்கரன்கோவில் அதில் சேர்ந்தது. நாங்களும் மகிழ்ந்தோம். நான்கு மாதம் கழித்து, எந்தக் கோடு எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாமலிருந்த அந்த எல்லையில் தடுப்புக் கட்டை வந்து நின்றது. இப்போது நாங்கள் மாவட்டம் விட்டு மாவட்டம் போகிறவர்கள். முதலில் காகிதத்தில் அனுமதி, பிறகு இ-பாஸ். திருமணம், நெருங்கிய உறவினர் இறப்பு, மருத்துவ அவசரம் என்று மூன்று காரணங்கள். சித்தியுடையது வாரம் இரண்டு முறை வருகிற அவசரம்.

தடுப்பில் நின்ற காவலர் உள்ளே குனிந்து பார்த்துக் கேட்டார்: “இந்த அம்மாவுக்கு நீங்க யாரு?”

“மகள்” என்றேன்.

அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. தமிழில் சித்தி என்றால் சின்ன அம்மாதான். அக்கா மகள் முறைக்கு மகள்தான். ஆனால் அச்சடித்த தாள்களுக்கு அந்த முறையெல்லாம் தெரியாது. என் ஆதாரில் கணவர் பெயர், ரேஷன் கார்டில் மாமியார் வீடு. சித்தியின் ஆதாரில், இருபது வருடங்களுக்கும் மேலாக அவள் முகத்தைப் பார்க்காத மனிதரின் பெயர். அவள் நெருங்கிய உறவு யார் என்று தாளைப் பார்த்துச் சொல்வதானால் அவரைத்தான் சொல்ல வேண்டும். மருத்துவமனைப் பதிவேட்டிலும் ‘உறவு’ என்ற கட்டத்தில் ‘மகள்’ என்றே எழுதினேன்.

வீட்டில் பிரச்சினை வந்தது. மாமியாருக்கு எழுபது வயது, ஆஸ்துமா. வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் ஒருத்தி அதே அடுப்பில் சமைக்கிறாள் என்றால் யாருக்கும் பயம் வரும். அவரை நான் குறை சொல்லவில்லை. கொல்லைப்புறம் வந்து குளித்துவிட்டு உள்ளே வந்தேன். பத்து நாளில் அது சரிப்படவில்லை. “இங்கயும் இருந்து அங்கயும் இருக்க முடியாதும்மா. எதுன்னு ஒண்ணு முடிவு பண்ணிக்கோ” என்றார். ஏப்ரல் இரண்டாம் வாரம், எட்டு வயது மகளை விட்டுவிட்டுச் சித்தி வீட்டுக்குப் போனேன். தினமும் சாயங்காலம் அவள் மொட்டை மாடியில் நிற்பாள். நான் தெருவில் நின்று பேசுவேன். “நீ எப்பம்மா வருவ?” என்பதைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சித்தியிடம் போய் இருக்கலாமா என்ற கேள்வி என் கணவர் முன்னாலோ தம்பி முன்னாலோ ஒருநாளும் வரவில்லை. கணவர் கார் பிடித்துத் தந்தார். தம்பி மாதம் ஐயாயிரம் அனுப்பினான், இரவு தவறாமல் போன் செய்தான். இருவரும் நல்லவர்கள். அவர்கள் செய்தது உதவி. நான் செய்ததற்கு அந்தப் பெயர் யாரும் வைக்கவில்லை.

ஒரு நடைக்குக் கார் வாடகை 2,200 ரூபாய். மாதம் எட்டு நடை, 17,600. நான் வேலை பார்த்த தனியார் பள்ளியில் ஏப்ரல் முதல் சம்பளம் இல்லை. என் இரண்டு வளையல்களை அடகு வைத்தேன். அவற்றில் ஒன்று சித்தி தார்க் காசில் செய்து போட்டது.

வேலையைப் படிப்படியாகக் கற்றுக்கொண்டேன். காய்கறியைப் பொடியாக நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும், பொட்டாசியம் குறையும். இளநீர், வாழைப்பழம் கூடாது. ஒரு நாளைக்கான தண்ணீரைப் பாட்டிலில் அளந்து வைக்க வேண்டும், மாத்திரைக்குக் குடிப்பதும் அதில்தான். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்திருந்த இடது கையில் பாரம் தூக்கக்கூடாது, ரத்த அழுத்தம் பார்க்கக்கூடாது, வளையல் போடக்கூடாது. காலையில் எழுந்ததும் அந்த இடத்தில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே ரத்தம் ஓடும் அதிர்வு தெரிந்தால் இணைப்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். தறிகளெல்லாம் நின்று ஊரே அமைதியாகக் கிடந்த அந்த நாட்களில், “நம்ம தெருவுல இது ஒண்ணுதான் ஓடுது” என்பாள் சித்தி.

மருத்துவமனையில் துணைக்கு வந்தவர்களை உள்ளே விடவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் காத்திருப்போம். டீக்கடைகள் கிடையாது. கழிப்பறையைப் பூட்டியிருந்தார்கள். விடிவதற்கு முன் கிளம்பி மதியம் வீடு வந்து சேரும்வரை நான் தண்ணீர் குடிக்க மாட்டேன். நோயால் அவள் அளந்து குடித்தாள், நான் இதனால். மாதவிடாய் நாட்களில் இரண்டு நாப்கின் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மரத்தடியில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் அதே நிலைதான். ஆண்கள் மருத்துவமனைச் சுவருக்குப் பின்னால் போய்வந்தார்கள்.

ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு பேர் காத்திருந்தோம். பதினோரு பேர் பெண்கள். ஆண் நோயாளிகளுக்கு மனைவி வந்திருந்தாள், பெண் நோயாளிகளுக்கு மகள், தங்கை, வயதான தாய். மகனுக்குச் சிறுநீரகம் கொடுக்கப் பரிசோதனைகளை முடித்துவிட்டு, ஊரடங்கால் அறுவை சிகிச்சை தள்ளிப்போய்க் காத்திருந்த அம்மா ஒருவரும் இருந்தார். இந்தியாவில் உயிரோடிருந்து சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்; பெற்றுக்கொள்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அதை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மரத்தடியில் பார்த்தபோது அது இயல்பாகவே தெரிந்தது.

சித்தி ஒரு காரியம் செய்தாள். அது எனக்கு முள்போலக் குத்தியது. நர்ஸோ பக்கத்துப் படுக்கைக்காரரோ “கூட வந்திருக்கது யாரு, உங்க மகளா?” என்று கேட்டால், “இல்லை, எங்க அக்கா மக” என்பாள். நான் பதிவேட்டில் எழுதி வைத்திருப்பதை அவளே மாற்றுவாள். அதே வாயால் தம்பியைப் பற்றிச் சொல்லும்போது, “பெங்களூர்ல இருக்கான்லா, எம் மகன். ராத்திரியானா போன் பண்ணாம உறங்க மாட்டான்” என்பாள்.

எங்கள் மாவட்டங்கள் ஒரே மண்டலத்தில் இருந்ததால் ஜூன் முதல் தேதி பஸ் ஓடத் தொடங்கியது. சித்தி மாஸ்க் போட்டுக்கொண்டு, என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனாள். திரும்பி வந்தபோது கல்யாண வீட்டுக்குப் போய்வந்தவள்போல் முகம் மலர்ந்திருந்தாள். நானும் வீடு திரும்பி மகளோடு உறங்கினேன். ஜூன் 25 முதல் மாவட்டம் தாண்ட மறுபடியும் இ-பாஸ், பஸ்ஸும் நின்றது. மறுபடியும் பையை எடுத்துக்கொண்டு சித்தி வீடு.

ஜூலையில் ஒரு ராத்திரி கேட்டேவிட்டேன். “அவன் உனக்கு மகன், நான் மட்டும் அக்கா மகளா சித்தி?”

கொஞ்ச நேரம் பேசாமலிருந்தாள். பிறகு சொன்னாள்: “மகள்னு சொல்லிட்டா நீ பாக்குறது கடமையாப் போயிரும்ளா. மகன்னா மக பாக்கத்தானே செய்வா, இதுல என்ன இருக்கும்பாங்க. நீ சாப்பிட்டியா உறங்குனியான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அக்கா மகள்னு சொன்னாத்தான், அக்கா மகளா இப்படிப் பாக்கான்னு ஒரு நிமிஷம் நின்னு உன் மூஞ்சியப் பாப்பாங்க.”

“அப்போ தம்பி?”

“அவனுக்கு அந்தப் பேரு வேணும். இல்லைன்னா போன்கூட பண்ண மாட்டான்” என்று சிரித்தாள். பிறகு, “நானும் அப்படித்தான உங்க வீட்டுக்கு வந்தேன். சித்திதான, செய்யட்டும்னு விட்டுட்டாங்க. ஒருத்தர்கூட நீ இருக்கியா போறியான்னு கேக்கல” என்றாள்.

இருட்டில் அவள் முகம் தெரியவில்லை. பதினாறாம் நாளுக்கு வந்தவள் பிறகு ஏன் போகவில்லை என்று நானும் ஒருநாளும் கேட்டதில்லை. முப்பத்தைந்து வயதில் வேறொரு வாழ்க்கை வேண்டும் என்று அவள் நினைத்தாளா என்றும் கேட்டதில்லை. சித்தி என்பதால் அது இயல்பு என்று நினைத்தேன். எனக்கு அவர்கள் செய்ததைத்தான் நான் அவளுக்குச் செய்திருந்தேன்.

அந்த செப்டம்பரில் மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு வெளிவந்தது. 2019இல் எடுத்தது. கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதில் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். வீட்டிலிருப்பவர்களைப் பராமரிக்கும் பெண்கள் அதற்கு 134 நிமிடம், ஆண்கள் 76 நிமிடம். எண்ணியிருக்கிறார்களே என்று மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் எண்ணியது சொந்த வீட்டு உறுப்பினர்களுக்குச் செய்ததை. நானும் சித்தியும் ஒரே ரேஷன் கார்டில் இல்லை. எனக்காக அவள் செலவிட்ட வருடங்களும் எங்கள் வீட்டுக் கணக்கில் இருந்ததில்லை.

செப்டம்பரில் மாவட்டங்களுக்கிடையே பஸ் ஓடியபோது அவளால் தனியாகப் படியேற முடியவில்லை. நான் கூடப் போனேன். 2021 ஜனவரியில், ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நாளில், விடியற்காலையில் இதயம் நின்று இறந்துபோனாள். கையில் விரல் வைத்துப் பார்த்தேன். ஓடவில்லை.

தம்பி வந்து கொள்ளி வைத்தான். அழுதான், அது உண்மையான அழுகை. வந்தவர்கள் அவனைப் பிள்ளை என்றார்கள். என்னிடம் வந்து, “பெத்த மக மாதிரி பாத்தியேம்மா” என்றார்கள். பாராட்டாகத்தான் சொன்னார்கள். முன்பென்றால் அந்தச் சொல்லுக்காகவே உருகியிருப்பேன்.

“மக மாதிரி இல்லை” என்றேன். “நான் அவங்க அக்கா மக. எங்க சித்தி எங்கம்மாவோட தங்கச்சி. அவங்க செய்ய வேண்டியதில்லை, செஞ்சாங்க. நானும்.”

ஒரு பெரியவர் நின்று என் முகத்தைப் பார்த்தார். “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டார்.