கூட்டெரு மேல் கோபம் வேண்டாம்



"சேதனப் பசளை" என்றாலே நம் தோட்டங்களில் பலருக்கு இன்னும் கோபம் வருகிறது. வரத்தான் செய்யும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள். நவம்பரில் அந்த முடிவைக் கைவிட்டார்கள். அதன் பிறகும் பசளை எட்டாத விலையில்தான் இருந்தது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடியாகச் சரிந்தது. கொழுந்து குறைந்தால் யார் வீட்டு அடுப்பு அணையும் என்று நமக்குத் தெரியும்.

அதற்காகக் கூட்டெருவைக் குற்றவாளியாக்கலாமா? குப்பை எப்படி எருவாகிறது என்று பாருங்கள்.

குவியலைக் கிளறும்போது வெள்ளை நூல் போலப் படர்ந்திருப்பது பெரும்பாலும் பங்கசு. அதற்கு வாயுமில்லை, வயிறுமில்லை. நொதியத்தை வெளியே சுரந்து, குப்பையை அங்கேயே கரைத்து, பிறகுதான் உறிஞ்சும். கோவா இலையிலும் லீக்ஸ் தழையிலும் உள்ள செலுலோசை, திரைக்கோடெர்மா போன்ற பங்கசுக்களின் செலுலேசு நொதியம் சர்க்கரையாக உடைத்துவிடும். கவ்வாத்துக் குச்சி அப்படியல்ல. அதிலுள்ள இலிக்னினை உடைக்க வேறு பங்கசுக்கள், வேறு நொதியங்கள் வேண்டும். அது மிக மெதுவான வேலை.

இதில் நம் குளிரையும் சேருங்கள். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 16 பாகை. பொதுவாக 10 பாகை குறைந்தால் நொதியத்தின் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். அவசரப்பட்டு அரைகுறையாக மக்கியதைப் போட்டால், அதை உடைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனையும் எடுத்துக்கொள்ளும். செடி மஞ்சளாகும். நன்றாக மக்கிய எருவில்கூட நைதரசன் பெரும்பாலும் 1, 2 வீதம்தான். யூரியாவில் 46 வீதம். ஆறு மாதத்தில் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைக்க முடியுமா? பங்கசுக்கு வர்த்தமானி தெரியாது.

ஆனால் எரு மண்ணைப் பொலபொலப்பாக்கும், ஈரத்தைப் பிடித்து வைக்கும். யூரியா அதைச் செய்யாது. ஆகவே வீட்டுத்தோட்டக் குப்பையை எரிக்காமல் குவிப்போம். நீளம், அகலம், உயரம் ஒரு மீற்றராவது இருக்கட்டும். சின்னக் குவியல் இந்தக் குளிரில் சூடேறாது. குச்சியைப் பொடியாக நறுக்கி, பச்சைத் தழையும் சாணமும் கலந்து, மழை படாமல் மூடி, இடையிடையே புரட்டுவோம். மண்வாசனை வந்த பிறகு போடுவோம்.

உங்கள் குவியல் மக்க எத்தனை மாதம் எடுத்தது? கீழே எழுதுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்ல உதவும்.