குறிக்குப் பின்னால்

என் மேசையில் இரண்டு ஈயச் சன்னங்கள் கிடக்கின்றன. ஒன்று சுடப்படாதது. நாலரை மில்லிமீட்டர் தடிப்பு, ஏறக்குறைய அரைக் கிராம் எடை. இடை ஒடுங்கி, தலையும் அடியும் அகன்ற சின்னஞ்சிறு உடுக்கை. அடிப்பக்கம் உள்ளே குடைவாக இருக்கிறது. காற்று பின்னாலிருந்து தள்ளும்போது அந்தக் குடைவின் விளிம்பு விரிந்து குழலின் உட்சுவரை அடைத்துக்கொள்கிறது; காற்று ஒழுகிப் போகாமல் முழு விசையும் சன்னத்துக்குக் கிடைக்கிறது. வெளியே வந்த பிறகு அதே அகன்ற அடிப்பக்கம் பின்னுக்கு இழுத்துப் பிடிக்க, கனமான தலை முன்னே போக, சன்னம் புரளாமல் பறக்கிறது. அரைக் கிராம் ஈயத்துக்குள் இத்தனை யோசனை இருக்கிறது என்று தெரிந்த பிறகு அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

மற்றது சுடப்பட்டது. தலைப்பக்கம் தட்டையாக நசுங்கி, விளிம்பில் வெள்ளைச் சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறது. எங்கள் மேல்மாடியில் உடுப்புக் காயப்போடும் கொடிக்கு நேர் பின்னால், சுவரடியில் கிடந்து எடுத்தேன். சுவரில், என் தோள் உயரத்தில், ஒரு மிளகு அளவு பள்ளம். கொடியில் உடுப்பு விரிக்கிற ஆளின் கழுத்து அநேகமாக அந்த உயரத்தில்தான் இருக்கும்.

நாங்கள் இருக்கிற பேலியகொடையின் வயல்கள் மண் கொட்டி நிரப்பப்பட்டுக் களஞ்சியங்களாகிப் பல காலம் ஆயிற்று. 2011இல் மீன் சந்தை புறக்கோட்டையிலிருந்து இங்கே வந்தது. 2013இல் திறந்த கட்டுநாயக்க அதிவேகப் பாதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. இத்தனைக்கும் நடுவில் நிரப்பப்படாத சதுப்புத் துண்டுகள் அங்கங்கே தப்பிக் கிடக்கின்றன. எங்கள் ஒழுங்கையின் கடைசியிலும் ஒன்று உண்டு. காலையில் கானாங்கோழி கத்தும். சந்தைப் பக்கமிருந்து கொக்குகளும் செம்பருந்துகளும் வரும். அக்கரையில் ஒரு பெரிய வளவு. அந்த வீட்டுப் பெடியன் பின்மதிலில் வெறும் போத்தல்களையும் மீன் பேணிகளையும் வரிசையாக வைத்துவிட்டு, எயார் ரைபிளால் சுட்டுப் பழகுவான். மதிலுக்கு இப்பால் தண்ணீர். தண்ணீருக்கு இப்பால் நாங்கள்.

நசுங்கிய சன்னத்தை எடுத்துக்கொண்டு போய் அவனோடு கதைத்தேன். நல்ல பிள்ளை, மரியாதையாகக் கதிரை போட்டான். "அங்கிள், இது காத்துத் துவக்குத்தானே. அங்கால வெறும் தண்ணிதானே" என்றான். "தம்பி, தண்ணிக்கு அங்கால நாங்கள் இருக்கிறம்" என்றேன். அவன் எழுந்து போய் மதிலருகே நின்று, எங்கள் வீட்டுப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தான். அந்த மதிலில் எத்தனையோ பின்னேரம் போத்தல் அடுக்கியிருக்கிறான். போத்தலுக்கு மேலாக எங்கள் கொடி தெரியும் என்பதை அன்றைக்குத்தான் கண்டான் என்று நினைக்கிறேன்.

தண்ணீரை நம்பித்தான் பலர் சுடுகிறார்கள். தண்ணீரில் விழுந்தது மூழ்கிவிடும் என்ற எண்ணம். குளத்தில் ஓட்டுத்துண்டு எறிந்து தத்த விட்ட எந்தப் பிள்ளைக்கும் விஷயம் வேறு என்று தெரிந்திருக்கும். சாய்வாகப் போய் விழுகிற சன்னத்துக்கு நீர்ப்பரப்பு ஒரு பலகை. பட்டுத் தெறித்து மறுபடி எழும்பும், எந்தப் பக்கம் போகும் என்று சுட்டவனாலும் சொல்ல முடியாது. பிரெஞ்சு இராணுவப் பொறியாளர் வோபான் 1697இல் ஆத் கோட்டையை முற்றுகையிட்டபோது, பீரங்கிக் குண்டுகளை மெல்லிய வேகத்தில் விட்டு, மதிலைத் தாண்டி விழுந்து தரையில் தத்தித் தத்தி ஓடும்படி செய்தார். நேராகக் கண்ணுக்குத் தெரியாத ஆட்களை அடிக்க அது உதவிற்று. போரில் திட்டம் போட்டுச் செய்ததை எங்கள் சதுப்பு தானாகவே செய்துவிடும்.

ஈயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1782இல் பிரிஸ்டல் நகரத்துக் குழாய் வேலைக்காரர் வில்லியம் வாட்ஸ் ஒரு காப்புரிமை பெற்றார். உருக்கிய ஈயத்தைச் சல்லடை வழியாக உயரத்திலிருந்து விழ விட்டால், விழும்போதே ஒவ்வொரு துளியும் உருண்டையாகி, கீழே தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறுகும். அந்த உயரத்துக்காகத் தன் வீட்டின் மேலே கோபுரமே எழுப்பினார். அழகான யோசனைதான். வேட்டைத் துவக்குக்குள் போன அந்த உருண்டைகள் பிறகு உலகமெங்கும் சதுப்புகளில் பெய்தன. பற்களில்லாத வாத்துகள், இரையை அரைக்கப் பொடிக்கல் விழுங்குகிறவை, கல்லென்று ஈயத்தையும் விழுங்கி நஞ்சேறிச் செத்தன. அமெரிக்கா 1991இல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயச் சன்னம் கூடாதென்று நாடு முழுவதும் தடுத்தது. குறி தவறிய சன்னமும் எங்கோ போய்க் கிடக்கத்தான் செய்கிறது. கொழும்பு 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற பேர் வாங்கிய ஊர். வடக்கே கொஞ்சத் தூரத்தில் முத்துராஜவெல. அதன் வடபாதி 1996இல் சரணாலயம் ஆக்கப்பட்டது. எங்கள் ஒழுங்கைச் சதுப்புக்கு அந்தப் பேர் எதுவும் இல்லை, ஆனால் அங்கே மேய்கிற கானாங்கோழிக்கு எல்லைக்கல் தெரியாது.

சட்டம் இருக்கிறது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் எது துவக்கு, எது துவக்கல்ல என்று பிரிக்க ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. குறித்த ஒரு தூரத்துக்கு அப்பால் பதினொரு வைக்கோல் அட்டைகளை அரை அங்குல இடைவெளி விட்டு நிறுத்தி, அத்தனையையும் துளைக்கிற வலு சன்னத்துக்கு இருந்தால் அது துவக்கு. நீதிமன்றத்துக்கு இப்படி ஓர் அளவு தேவை என்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் கண் வைக்கோல் அட்டையால் ஆனதல்ல. ஓர் அட்டையில் நின்றுபோகிற சன்னம் கண்ணில் நிற்காது. பறவைகளுக்கு 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் உண்டு. அசட்டையான காரியத்தால் பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்குவதை 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை குற்றமாக வைத்திருக்கிறது. அயல் வீட்டுத் தகராறு என்றால் மத்தியஸ்த சபைக்கும் போகலாம். நான் எங்கும் போகவில்லை. மதிலருகே போய் நின்று பார்த்தவனிடம் பேச இன்னும் இடம் இருக்கிறது என்று பட்டது. பார்க்க மறுத்திருந்தால் பொலிசுக்குத்தான் போயிருப்பேன். அதில் எனக்குக் கூச்சமில்லை, யாருக்கும் இருக்கவும் வேண்டாம்.

ஏனென்றால் தமிழ்நாட்டுப் புதுக்கோட்டைச் சிறுவனை நான் மறக்கவில்லை. 2021 டிசம்பர் 30 அன்று நார்த்தாமலைக்கு அருகே பசுமலைப்பட்டிச் சுடுதளத்தில் மத்திய தொழிற்பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்தார்கள். ஊருக்குள், தாத்தா வீட்டில் இருந்த பதினொரு வயதுப் பிள்ளையின் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை செய்தும் ஜனவரி 3 அன்று பிள்ளை செத்துப்போயிற்று. சுட்டவர்கள் பயிற்சி பெற்றவர்கள். இடம் அரசாங்கம் ஒதுக்கிய இடம். குண்டைத் தடுக்க மலையும் இருந்தது. அரசு பத்து லட்சம் ரூபாய் கொடுத்தது. அந்த நார்த்தாமலைக்கு விஜயாலய சோழீச்சரம் பார்க்கவென்று போகிறவர்கள் பாறை மேல் நின்று சுற்றிலும் பார்த்தால் தெரியும், ஊர்கள் எவ்வளவு கிட்ட என்று.

துரோணர் வைத்த பரீட்சையைக் கேட்காத தமிழ்ப் பிள்ளை இல்லை. மரத்தில் ஒரு பொம்மைப் பறவை. என்ன தெரிகிறது என்று கேட்கிறார். தருமன், மரம் தெரிகிறது, நீங்கள் தெரிகிறீர்கள், தம்பிமார் தெரிகிறார்கள், பறவையும் தெரிகிறது என்கிறான். விலகு என்கிறார் ஆசிரியர். அர்ச்சுனன், பறவையின் தலை மட்டும் தெரிகிறது என்கிறான், எய் என்கிறார். பரிசளிப்பு விழாவிலிருந்து வேலை தேடும் பிள்ளைகளுக்கான கூட்டம் வரை இந்தக் கதையைச் சொல்லி எங்களை வளர்த்துவிட்டார்கள். மனதை ஒருமுகப்படுத்த அது நல்ல பாடமாக இருக்கலாம். படைக்கல வகுப்புக்கு அது பிழையான பாடம். வில்லைக் கையில் கொடுக்கத் தகுந்தவன் தருமன்தான். மரத்தையும் கண்டான், மரத்தடியில் நிற்கிற ஆட்களையும் கண்டான், குறியையும் கண்டான். எந்த நல்ல சுடுதளத்திலும் முதலில் கேட்கிற கேள்வி குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான். அதற்குத் துரோணரிடம் மதிப்பெண் இல்லை.

இராமாயணத்தில் அதற்கான விடை இருக்கிறது, அதுவும் ஒரே குடும்பத்தில் இரண்டு முறை. தசரதன் இளவயதில் சத்தத்தைக் கேட்டே எய்வதில் பேர் வாங்கியவன். சரயு நதிக்கரையில், இருட்டில், குடத்தில் நீர் நிறைகிற சத்தம் யானை நீர் குடிப்பது போலக் கேட்டது. எய்தான். பார்வையில்லாத தாய் தகப்பனுக்குத் தண்ணீர் மொள்ள வந்த பிள்ளை விழுந்தான். பெற்றவர்கள் இட்ட சாபம்தான் பின்னால் தசரதனைக் கொன்றது. சத்தம் குறி, சத்தத்துக்குப் பின்னால் ஒரு பிள்ளை.

மகனின் கதை இன்னும் சிறியது, எனக்கு இன்னும் பெரியது. கம்பன் மந்தரை சூழ்ச்சிப் படலத்தில், இராமனின் முடிசூட்டுக்காக அலங்கரித்த நகரத்தைக் கூனி பார்த்துக் கொதிக்கிற இடத்தில், போகிற போக்கில் ஒன்றைச் சொல்கிறான். முன்னொரு காலம் இராமன் வில்லால் தெறித்த உண்டை தன் மேல் பட்டதை அவள் நினைத்தாள். அவ்வளவுதான். வால்மீகியில் இந்த உண்டை இல்லை. கம்பனுக்கு முன்பே திருமழிசையாழ்வாரும் நம்மாழ்வாரும் கூனியின் கூன் மீது உண்டை தெறித்த விளையாட்டைப் பாடிவிட்டார்கள். அவர்களுக்கு அது இறைவனின் பிள்ளை விளையாட்டு, மகிழ்ந்து பாடுகிறார்கள். கம்பன் அதே உண்டையை எடுத்து அடிபட்டவளின் மனதுக்குள் வைத்தான். அங்கேதான் கம்பனை நான் கும்பிடுகிறேன்.

உண்டைவில் என்பது அம்புக்குப் பதிலாகக் களிமண் உருண்டையை விசிறுகிற வில். பயிரில் விழும் கிளியை விரட்டவும் பிள்ளைகள் விளையாடவும் ஆனது. ஆளைக் கொல்லாது. அரண்மனையில் அதைப் பார்த்த எவரும், காத்துத் துவக்குத்தானே என்று அந்தப் பெடியன் சொன்னதைத்தான் சொல்லியிருப்பார்கள். முற்றத்தில் சிரித்திருப்பார்கள். அடிபட்டவள் பணிப்பெண், யாரிடம் முறையிடுவாள்? வலித்ததா, காயம் பட்டதா, கம்பன் சொல்லவில்லை. அரச வம்சத்துப் பிள்ளை வளர்ந்து, தாடகையை வென்று, வில்லை முறித்து, மணம் முடித்து வருகிற காலம் முழுக்க அவள் அதைத் தன்னோடு வைத்திருந்தாள் என்பதை மட்டும் சொல்கிறான். எங்கள் சுவரில் பள்ளத்தைப் பார்த்த பிறகு என் வீட்டுக்காரி அந்தக் கொடியில் உடுப்புப் போடும்போது அக்கரையை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் கையை உயர்த்துகிறாள். சன்னம் ஆளில் படவேயில்லை. இருந்தும் அப்படி. கூனிக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவளைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்கிறேன்.

பெடியனிடம் கேட்டது இதுதான்: போத்தலும் கல்லும் தகரமும் குறியாக வேண்டாம், தெறிக்கும். குறிக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு மேலே மண்மூட்டை அடுக்க வேண்டும். சதுப்பைப் பார்த்தும் மதிலைப் பார்த்தும் நின்று சுடாமல், தன் வீட்டுப் பின்சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். கடைசியைக் கேட்டதும் யோசித்தான். "அங்கால குசினி, அங்கிள். அம்மா நிப்பா" என்றான். நான் பேசாமல் இருந்தேன். அவனும் கொஞ்ச நேரம் பேசவில்லை. இப்போது மூட்டைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன, இடுப்பு உயரத்துக்கு. போதாது என்று சொல்லியிருக்கிறேன். உயர்த்தும் வரை சுடுவதில்லை என்று சொல்லியிருக்கிறான்.

அவனுக்குக் கூனி கதையையும் சொன்னேன். இராமர் சுட்டவரா என்று நம்பாமல் கேட்டான். சுட்டதை இராமனே ஒத்துக்கொள்கிற இடமும் இருக்கிறது. கிட்கிந்தா காண்டம், அரசியற் படலம். வாலி இறந்தாயிற்று; சுக்கிரீவனுக்கு முடிசூட்டி, எப்படி அரசாள வேண்டும் என்று இராமன் சொல்லிக்கொடுக்கிறான். சிறியவர் என்று எண்ணி யாருக்கும் நோவு செய்யாதே என்கிறான். தான் அந்த நெறியை விட்டு ஒரு தீமை செய்ததையும், உடம்பால் குறுகிய ஒருத்தியின் மனதில் அது நெடுநாள் நின்றதையும், அதனால் தான் துயரக் கடலில் விழுந்ததையும் சொல்கிறான். கைகேயியைக் குறை சொல்லவில்லை, வரம் கொடுத்த தகப்பனைச் சொல்லவில்லை, விதியையும் இழுக்கவில்லை. காட்டில், மனைவியைப் பறிகொடுத்து நிற்கிற மனிதன், எல்லாவற்றுக்கும் பின்னால் போய்ப் போய், கடைசியில் அந்தக் களிமண் உருண்டையில் வந்து நிற்கிறான்.

வாலி மீது மறைந்து நின்று எய்த அம்பைப் பற்றி நாங்கள் எத்தனையோ பட்டிமண்டபம் நடத்திவிட்டோம். வாலியில் பட்ட அம்புக்கு வாதாட இரண்டு பக்கமும் ஆள் உண்டு. கூனியில் பட்ட உண்டைக்காக ஓர் அணி பேசி நான் கேட்டதில்லை. வெள்ளவத்தையில் அடுத்த கம்பன் விழாவில் யாராவது அதை எடுத்துப் பேச வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பெடியனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.