ஒரே எண், இரு பொருள்

எங்கள் பொழியூருக்கு ஒருபுறம் கடல், மறுபுறம் எல்லை. 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். நோய் வந்தால் இரு மொழியிலும் அழுவோம்!

ஈராண்டுகளுக்கு முன் என் தம்பிக்குக் கடுங்காய்ச்சல், வலிப்பும் கண்டது. இரத்தச் சர்க்கரை 230 என்றார்கள். அம்மா இடிந்துபோனாள். மருத்துவரோ அஞ்ச வேண்டாம் என்றார். நோய் தாக்கும்போது உடல் அட்ரினலின், கார்ட்டிசால் முதலிய ஹார்மோன்களை மிகுதியாகச் சுரக்கும். அவை கல்லீரலிலுள்ள சர்க்கரையை இரத்தத்தில் கொட்டும். இன்சுலினின் வேலையையும் தடுக்கும். நோய் தணிந்தால் சர்க்கரையும் தணியும். சொன்னபடியே மறுநாள் 96! அன்றுமுதல் நான் ஊருக்கு அரை வைத்தியன்.

சென்ற ஆண்டு அடுத்த வீட்டு அக்காவின் ஏழு வயது மகளுக்குக் காய்ச்சல், வாந்தி. சர்க்கரை 340.

"மக்கா, நீ படிச்ச பிள்ளையில்லா, இது என்னது?" என்று கேட்டாள் அக்கா.

"காய்ச்சல் சர்க்கரைதான் அக்கா, தானே இறங்கும்" என்றேன்.

அன்றிரவு குழந்தை ஆழ ஆழ மூச்சுவாங்கினாள், மூச்சில் பழவாடை. திருவனந்தபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மருத்துவர் மூன்றே கேள்விகள் கேட்டார்: "தண்ணீர் அதிகம் குடித்தாளா? படுக்கையை நனைத்தாளா? மெலிந்தாளா?" மூன்றுக்கும், சில வாரங்களாகவே ஆம்! சிறுநீரில் கீட்டோன் நிறைந்திருந்தது. அது முதல் வகை நீரிழிவு. இன்சுலின் சுரப்பே அற்றுவரும் உடல் கொழுப்பை எரித்து, இரத்தத்தை அமிலமாக்கிக்கொண்டிருந்தது. இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால்? எண்ணவே நெஞ்சு நடுங்குகிறது.

1922இல் டொராண்டோவில் பதினான்கு வயது லெனார்டு தாம்சனுக்கு முதன்முதல் ஏற்றிய இன்சுலின்தான் எங்கள் சிறுமியையும் மீட்டது. இத்தகைய குழந்தைகளுக்கு இலவசமாக இன்சுலின் வழங்கும் கேரள அரசுத் திட்டத்தின் பெயர் 'மிட்டாயி'. இனிப்பை அளந்து உண்ணும் பிள்ளைகளுக்கு இனிக்கும் பெயர்! அவள் இன்று ஊசியோடும் சிரிப்போடும் பள்ளிக்குப் போகிறாள்.

அக்கா என்னை ஒரு சொல்லும் கடியவில்லை. அதுதான் என்னைச் சுடுகிறது. அந்த மூன்று கேள்விகளை நான் கேட்டிருக்கலாமே!

நண்பர்களே, காய்ச்சலில் ஏறிய சர்க்கரை பெரும்பாலும் இறங்கிவிடும். ஆனால், இறங்கியதா என்று பார்த்தபின்பே அப்படிச் சொல்ல வேண்டும். படித்தவன் வாய்ச்சொல்லை ஊர் நம்புகிறது. அந்த நம்பிக்கைக்கேனும் நாம் அஞ்ச வேண்டாமா?