நான் வரைந்த நீலச் செவ்வாய்

கிம் ஸ்டான்லி ராபின்சனின் 'ரெட் மார்ஸ்' 1992-இல் வெளிவந்த அறிவியல் நாவல். மனிதர் செவ்வாயை இன்னொரு பூமியாக்க முனையும் கதை. அதைப் படித்த ஆர்வத்தில் கடல் சூழ்ந்த செவ்வாயை வரைய அமர்ந்தேன்.

'மார்ஸ் குளோபல் சர்வேயர்' விண்கலம் அளந்து தந்த உயரங்களே எனக்கு வழிகாட்டி. சுழி மட்டத்திற்குக் கீழுள்ள நிலத்திற்கெல்லாம் நீலம் தீட்டினேன். வடபுலத்தின் பெரும்பகுதி பெருங்கடலாயிற்று. தெற்கே ஹெல்லாஸ் பள்ளம் தனிக்கடலாயிற்று. 21 கி.மீ. உயர்ந்த ஒலிம்பஸ் எரிமலை கடலோரத்தில் நின்றது.

அழகுதான்! ஆனால், 1976-இல் வைக்கிங் கலங்கள் இரண்டும் இறங்கிய சமவெளிகள் அந்த நீலத்தின் அடியில் அல்லவா கிடக்கின்றன! அங்கே என்றேனும் உயிர் இருந்ததா என்னும் வினாவிற்கான சான்றும் அவற்றோடு மூழ்கிவிடலாமே! செவ்வாயை மாற்றாதீர் என நாவலில் ஆன் என்னும் நிலவியலறிஞர் வாதாடுவதன் பொருள் அப்போது விளங்கிற்று.

நண்பர்களே, தாளில் தீட்டிய நீலத்தை அழித்துவிடலாம். கோளில் பாய்ச்சிய நீரை அழிக்க இயலுமா? செவ்வாய்க்குக் கடல் தர விரும்புவோர், முதலில் அதன் செம்மண்ணைப் படித்து முடிக்கட்டும்!